அந்த வெள்ளைப் பிளாஸ்டரைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் முதுநிலைப் பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

என் ஆய்வுக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒரு பழைய பிளாஸ்டர் துண்டு ஒட்டியிருக்கிறது. ஊசி போட்ட இடத்தில் பஞ்சை வைத்து ஒட்டுவார்களே, அதே வெள்ளைப் பிளாஸ்டர்தான். அதன்மேல் நீலப் பேனாவால், சற்றே சாய்ந்த கையெழுத்தில், "புள்ளியைப் பார்" என்று எழுதியிருக்கிறது.

ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில், மருந்தை அளந்து ரத்தக் குழாயில் ஏற்றும் பம்பு ஒன்றின் முகப்பில் அது ஒட்டப்பட்டிருந்தது. அந்தப் பம்பின் திரையில் எண்கள் பெரிதாகத் தெரியும். தசமப் புள்ளி மட்டும் கடுகளவு. இரவில் விளக்கைக் குறைத்த பிறகு கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்தால், 10.5 என்பது 105 ஆகத்தான் கண்ணில் படும். பத்து மடங்கு மருந்து. அங்கே வேலை செய்த சிஸ்டர் ஒருவர், புதிதாக வரும் பெண்கள் ஏமாந்துவிடக் கூடாது என்று தாமாகவே அதை எழுதி ஒட்டியிருந்தார். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கத் துடைக்க மை கரைந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை புதிதாக எழுதி ஒட்டுவார். அப்படிக் கழற்றிய ஒன்றைத்தான் நான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்தத் துண்டைப் படிக்கத் தெரிந்தவர்களை உருவாக்கும் படிப்பு நமக்கு வேண்டும். கருவியையும் வேலையையும் மனிதருக்குப் பொருந்தும்படி அமைக்கும், மனிதக் காரணிப் பொறியியல் என்றும் பணிச்சூழலியல் (எர்கோனாமிக்ஸ்) என்றும் சொல்லப்படும் இந்தத் துறையை, ஏதோ ஒரு பருவத்தில் வந்துபோகும் விருப்பத் தாளாக இல்லாமல், இரண்டு ஆண்டு முழு முதுநிலைப் படிப்பாகத் தொடங்குங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நான் இயந்திரவியல் படித்தவள். இந்தத் துறைக்கு வருமுன் ஆறு ஆண்டுகள் ஒரு வாகன உதிரிபாக ஆலையில், தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை செய்தேன். அங்கே ஒரு நாள் இரண்டாம் ஷிஃப்டில், ஆபரேட்டர் ஒருவரின் வலது கை விரல்கள் இரண்டு, டை எனப்படும் அச்சுக்குள் போய்விட்டன. பவர் பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ராம் எனப்படும் அழுத்தும் பாகம் இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இயந்திரம் ஓடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அன்று இடப்பக்கப் பொத்தானில் ஒரு சிறிய மரச்சக்கை செருகியிருந்தது, அது எப்போதும் அழுத்தியபடியே இருக்கும்படி. விபத்துப் படிவத்தில் "காரணம்" என்ற கட்டத்தை நிரப்பியவள் நான். "ஆபரேட்டரின் கவனக்குறைவு, பாதுகாப்பு விதி மீறல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று ஆண்டுகள் கழித்து முதுநிலை வகுப்பில் என் ஆசிரியர் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பொத்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தன?" எனக்குத் தெரியவில்லை. ஆறு ஆண்டுகள் அதன் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன், அளந்ததில்லை. பழைய நண்பர் ஒருவரைக் கேட்டு அளந்து வரச் சொன்னேன். அந்த ஆபரேட்டரின் தோளுக்கும் மேலே இருந்தது. ஒரு ஷிஃப்டில் ஆயிரக்கணக்கான முறை தோளுக்கு மேலே கையைத் தூக்கி அழுத்த வேண்டும், அதுவும் எண்ணிக்கை இலக்குக்குள். அந்தச் சக்கையை அவர் சோம்பேறித்தனத்தால் செருகவில்லை. தோள் வலி பொறுக்காமல் செருகினார். பொத்தான் இருக்கும் இடம் சரியில்லை என்று மரத்தில் எழுதிய மனு அது. படிக்கத் தெரியாத நான் அதைக் குற்றம் என்று பதிவு செய்தேன். அந்தப் படிவத்தைத் திருத்தி எழுத எனக்கு வழியில்லை. அடுத்து அதே கட்டத்தின் முன் உட்காரப்போகும் இளைஞர்களுக்காவது இந்தப் பாடம் முன்கூட்டியே கிடைக்கட்டும்.

இந்தத் துறை பிறந்ததே இப்படி ஒரு "கவனக்குறைவை" மறுத்துத்தான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, விமானிகள் தரையிறங்க விரித்த இறக்கை மடிப்புகளை உள்ளிழுப்பதாக நினைத்துச் சக்கரங்களை உள்ளிழுத்துவிட்டார்கள். ஓடுபாதையில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு நின்றன விமானங்கள். விமானியின் தவறு என்று கோப்பை மூடியிருக்கலாம். ஆல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்பவர் விமானி அறைக்குள் உட்கார்ந்து பார்த்தார். இரண்டு விசைகளும் ஒரேபோல் இருந்தன, பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. சக்கர விசையின் நுனியில் சிறிய ரப்பர்ச் சக்கரத்தையும், மடிப்பு விசையில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் சொன்னார். கையே பார்த்துக்கொண்டது, அந்தத் தவறு நின்றுபோனது. இன்றைய பயணிகள் விமானங்களிலும் சக்கர விசையின் நுனி சக்கரம் போலவே இருக்கிறது. 1947இல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் "விமானியின் தவறு" என்று சொல்லப்பட்ட 460 நிகழ்வுகளைத் தொகுத்து, அவற்றில் எத்தனையோ கருவியின் அமைப்பிலேயே விதைக்கப்பட்டிருந்தன என்று காட்டினார்கள்.

இங்கே ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். சப்பானிஸ் பொறியாளர் அல்லர், உளவியலாளர். ஃபிட்ஸும் அப்படியே. இந்தியாவில் இத்துறையின் முன்னோடியாகப் போற்றப்படும் ரவீந்திரநாத் சென், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் உடலியல் துறையைச் சேர்ந்தவர். பொறியியலோடு உளவியலும் உடலியலும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் இந்தப் படிப்பு நடக்கும்.

1979 மார்ச் 28 அதிகாலை, அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ வால்வு மூடிவிட்டதாகக் காட்டியது. உண்மையில் "மூடு" என்ற கட்டளை போய்விட்டது என்பதை மட்டும்தான் அந்த விளக்கால் சொல்ல முடியும். வால்வு மூடியதா என்று அதற்குத் தெரியாது. நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒன்றாக அலற, உள்ளே நீர் மிகுந்துவிட்டதாக நம்பிய ஊழியர்கள் குளிர்நீரைக் குறைத்தார்கள். உலையின் மையம் உருகத் தொடங்கியது. அந்நாட்டின் வேறோர் அணுமின் நிலையத்தில், ஒரேபோல் இருந்த இரண்டு பிடிகளைப் பிரித்தறிய, பீர் குழாய்களின் கைப்பிடிகளை வாங்கி ஊழியர்களே மாட்டி வைத்திருந்தார்கள். அந்தப் புகைப்படத்தை வகுப்பில் பார்த்தபோது எனக்கு அந்த மரச்சக்கை நினைவுக்கு வந்தது. வேலை செய்பவர்கள் எங்கும் ஒரே மொழியில்தான் எழுதுகிறார்கள்.

நம் ஊருக்கு வருகிறேன். 2023 ஜூன் 2 அன்று, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் கிளைப்பாதைக்குள் புகுந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். சிக்னல் மின்சுற்றில் செய்த மாற்றங்களில் நேர்ந்த குளறுபடிதான் காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது. தண்டவாளத்தோரச் சிக்னல் பெட்டிக்குள் இருந்த கம்பிகளின் பெயர்ச்சீட்டுகள் தவறாக இருந்ததும் அது பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் போனதும் அதில் வெளிவந்தன. ஒரு பெயர்ச்சீட்டு. "யார் ஒட்டினார்கள்?" என்று கேட்பது காவல்துறையின் வேலை. "வெயிலில் ஒருவர் அந்தப் பெட்டியைத் திறந்து நிற்கும்போது, தவறான சீட்டைத் தவறானது என்று கண்டுபிடிக்க அவருக்கு என்ன உதவி இருந்தது?" என்று கேட்பது எங்கள் வேலை. இந்தக் கேள்வியை முறையாகக் கேட்கப் பயிற்சி பெற்றவர்கள் நம் ஆலைகளிலும் பணிமனைகளிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இதையெல்லாம் விருப்பத் தாளிலேயே சொல்லிவிடலாமே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இளநிலையில் நானும் அப்படி ஒரு தாள் படித்தேன். "எர்கோனாமிக்ஸ் - வரையறு" என்பது இரண்டு மதிப்பெண் கேள்வி. நாற்காலியின் உயரத்தைப் படம் வரைந்து பாகம் குறித்தேன். நல்ல மதிப்பெண் வாங்கினேன். அந்தப் பருவம் முழுவதும் ஒரு மனிதர் வேலை செய்வதைப் பத்து நிமிடம் தொடர்ந்து பார்க்கும்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. பார்ப்பதுதான் இந்தப் படிப்பு. பம்பில் சிரிஞ்சு மாற்றும் வேலை, கருவியின் கையேட்டில் ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். அந்த சிஸ்டர் பக்கத்தில் நின்று, அவர் கை எங்கே போகிறது, கண் எங்கே போகிறது, நடுவில் எந்த நோயாளி கூப்பிட்டார், எந்த இடத்தில் விட்டதைத் தொடர்ந்தார் என்று நான் எழுதிப் பார்த்தபோது ஐந்து பக்கம் ஆனது. விபத்து அந்த நான்கு பக்க வித்தியாசத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது. அதை எழுத எனக்கு மூன்று இரவுகள் ஆயின. முதல் இரவில் நான் எழுதியது எதுவும் உதவவில்லை. என்னைப் பார்த்து அவர்கள் எல்லாவற்றையும் கையேட்டின்படியே செய்தார்கள்!

உடல் அளவுகளுக்கு வருவோம். தமிழ்நாடு 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, நாளெல்லாம் நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சொன்னது. கேரளத்துக்கு அடுத்து நாம் செய்த நல்ல காரியம். துணிக்கடைகளில் கால் வீங்கி நின்ற பெண்களின் போராட்டம் அதற்குப் பின்னால் இருக்கிறது. தொழிற்சாலைகளுக்கு 1948ஆம் ஆண்டின் சட்டமே 44ஆம் பிரிவில் இதைச் சொல்லியிருந்தது. சட்டம் வந்த பிறகு எங்கள் ஊர்த் துணிக்கடை ஒன்றில் ஒரு பெண்ணிடம் பேசினேன். முக்காலி இருந்தது. அதில் உட்கார்ந்தால் கவுண்ட்டர் அவர் கழுத்துக்கு வந்துவிடும். வாடிக்கையாளர் முகம் தெரியாது, துணியை விரிக்க முடியாது. "உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து இடுப்புதான் போகிறது அக்கா, நிற்பதே மேல்" என்றார். இருக்கை கொடுத்தாகிவிட்டது. எவ்வளவு உயரத்தில், கால் வைக்க எங்கே கட்டை, பாதி உட்கார்ந்து பாதி நிற்கும் சாய்வு இருக்கை போதுமா, கவுண்ட்டரின் அடியில் முழங்காலுக்கு இடம் விட முடியுமா என்பதையெல்லாம் சட்டத்தால் எழுத முடியாது. அதற்கு அளக்கத் தெரிந்தவர் வேண்டும்.

எதைக்கொண்டு அளப்பது என்பதும் சின்னக் கேள்வி அல்ல. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் இந்தியர்களின் உடல் அளவுகளைத் தொகுத்து வெளியிட்டது. நாங்கள் எல்லோரும் அதைத் தொட்டுத்தான் தொழில் செய்கிறோம். அது வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஒரகடத்திலும் ஓசூரிலும் இன்று வேலைக்கு வரும் இருபது வயதுப் பெண்ணின் கை எட்டும் தூரம் எவ்வளவு என்று நம் கல்லூரிகளின் முதுநிலை மாணவர்கள் ஆண்டுக்கு ஓர் ஊராக அளந்திருந்தால், இந்நேரம் நமக்கென்று ஒரு தொகுப்பு இருந்திருக்கும். அளவுநாடாவும் பொறுமையும் கேட்கிற வேலைதான் அது.

உடல் இருக்கும் நிலையை மதிப்பிட உலகமெங்கும் பயன்படுத்தும் "ரூலா" என்ற முறை, 1993இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. கழுத்து, முதுகு, தோள், மணிக்கட்டு எல்லாவற்றுக்கும் அதில் நுணுக்கமான மதிப்பெண்கள் உண்டு. கால்களுக்கு மட்டும் இரண்டே நிலைதான்: தாங்கலோடு இருக்கிறதா, இல்லையா. நாற்காலியில் உட்காரும் நாட்டுக்கு அது போதும். தென்காசிப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில், மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் அம்மாவை நான் அந்த முறையில் மதிப்பிட்டுப் பார்த்தேன். ஒரு காலை நீட்டி ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் கால்களை மாற்றிக்கொண்டார். இலை நறுக்கும்போது ஒரு நிலை, தூள் நிரப்பிச் சுருட்டும்போது இன்னொரு நிலை. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு, அதனால் எழுந்திருக்கவே மாட்டார். அவருடைய இடுப்பையும் முழங்காலையும் என் படிவத்தால் பார்க்க முடியவில்லை. அந்தப் படிவத்தை உருவாக்கியவர்கள்மேல் தவறில்லை. அவர்கள் தங்கள் தொழிலாளர்களைப் பார்த்துச் செய்தார்கள். தரையில் உட்கார்ந்து உழைக்கும் கோடிக்கணக்கானவர்களைப் பார்த்து ஒரு முறையை உருவாக்க வேண்டியவர்கள் நாம். அது முதுநிலை ஆய்வுக்கான வேலை, ஐந்து அலகுத் தாளில் அடங்காது.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேலைச் சுமையை அளக்க நாசா உருவாக்கி 1988இல் வெளிவந்த கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. மன உழைப்பு, உடல் உழைப்பு, நேர நெருக்கடி என்று ஆறு கேள்விகள். அதைத் தமிழாக்கி ஒரு நெசவாலையில் தரப் பரிசோதனை செய்யும் பெண்ணிடம் கொடுத்தேன். "மன உழைப்பு எவ்வளவு?" என்ற கேள்வியைப் பார்த்துவிட்டு, "மனதுக்கு என்ன வேலை? கண்ணுக்குத்தான் வேலை" என்றார். எட்டு மணி நேரம் ஓடும் துணியில் இழை அறுந்த இடத்தைத் தேடும் கவனத்துக்கு அவருடைய பெயர் "கண்ணுக்கு வேலை". கடைசிக் கேள்விக்கு விரக்தி என்று போட்டிருந்தேன். அவர் வாழ்க்கையில் விரக்தியா என்று கேட்பதாக நினைத்துக் கண்கலங்கிவிட்டார். எரிச்சல் என்று மாற்றினேன், அடுத்தவர் கண் எரிச்சலைச் சொன்னார். ஒரு சொல்லைச் சரியாகப் பிடிக்க மூன்று வாரம் அலைந்தேன். அந்த மூன்று வாரத்தில் நான் கற்றது புள்ளியியல் வகுப்பில் கிடைக்காதது. உங்கள் பாடத்திட்டத்தில் ஆய்வேடு ஆங்கிலத்தில் இருக்கட்டும். களத்தில் கேட்கும் கேள்விகளும், தொழிலாளர்களுக்குத் திருப்பிச் சொல்லும் அறிக்கையும் தமிழில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். வாய்மொழித் தேர்வில் ஆய்வு நடந்த ஆலையின் தொழிலாளி ஒருவரும் உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும்.

ஒரு பருவம் முழுவதும் மாணவர்கள் களத்திலேயே இருக்க வேண்டும், இரவு ஷிஃப்ட் உட்பட. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் பேரவையில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்து, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். எட்டாவது மணிக்கும் பதினோராவது மணிக்கும் இடையே ஒரு பிரஸ் ஆபரேட்டரின் கைக்கும் கண்ணுக்கும் என்ன ஆகிறது என்பதை நம் ஊர் வெப்பத்தில், நம் ஊர் ஆலையில், அளந்து மேசைமேல் வைக்கக்கூடியவர்கள் அத்தகைய நேரத்தில் அரசின் பக்கமும் வேண்டும், சங்கங்களின் பக்கமும் வேண்டும்.

மனிதர்களை வைத்து ஆய்வு செய்ய அறநெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். என் ஆய்வு நான்கு மாதம் இதனால் நின்றது. நான் சேர்ந்திருந்த நிறுவனத்தில் அப்படி ஒரு குழுவே அப்போது இல்லை. பக்கத்து மருத்துவக் கல்லூரியோடு ஓர் ஒப்பந்தம் போட்டால் தீரும் சிக்கல் இது. படிப்பு தொடங்குமுன் அதைச் செய்துவிடுங்கள்.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்பது நியாயம். மருத்துவக் கருவி செய்பவர்கள் ஐஇசி 62366 என்ற பன்னாட்டுத் தரநிலையின்படி, கருவியைப் பயன்படுத்துபவர் எங்கே தவறக்கூடும் என்று ஆராய்ந்து ஆவணம் காட்ட வேண்டும். அது இல்லாமல் வெளிநாட்டுச் சந்தைகளில் நுழைவது கடினம். ஒரகடத்தில் மருத்துவக் கருவிப் பூங்கா அமைக்க முன்வந்த மாநிலம் நம்முடையது. வாகனம், விமானம், ரயில் எல்லாவற்றிலும் இந்தப் பணி இருக்கிறது. நானும் இன்று இதில்தான் சம்பளம் வாங்குகிறேன்.

கடைசியாகச் சேர்க்கை பற்றி. இந்த மடலை நான் எழுதியதே அதற்காக என்றுகூடச் சொல்லலாம். ஐஐடிகளின் முதுநிலை வடிவமைப்புப் படிப்புகளுக்கான சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வை, பள்ளிக்குப் பிறகு மூன்றாண்டுப் பட்டம் பெற்ற எவரும் எழுதலாம். நம் எம்.இ., எம்.டெக். சேர்க்கையோ பொறியியல் பட்டதாரிகளைச் சுற்றியே அமைந்திருக்கிறது. செவிலியர், இயன்முறை மருத்துவர், உளவியல் படித்தவர் ஆகியோருக்கு இந்தப் படிப்பில் மூன்றில் ஒரு பங்கு இடமாவது ஒதுக்குங்கள். கணக்கிலும் கருவியியலிலும் அவர்களுக்கு ஒரு தயாரிப்புப் பருவம் கொடுங்கள். பொறியியல் மாணவர்களுக்கும் உடலியலில் அதே போல் ஒரு பருவம் வேண்டும். எனக்கு அது இல்லாமல் நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

ஆய்வு முடிந்து விடைபெற்ற அன்று, பிளாஸ்டரைக் கொடுத்த அந்த சிஸ்டர் என்னோடு படிக்கட்டு வரை வந்தார். பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஒன்பது ஆண்டுகள் ஆகிறதாம். "மேடம், நீங்கள் படித்ததை நானும் படிக்கலாமா? எங்களைச் சேர்ப்பார்களா?" என்று கேட்டார். இங்கே எந்தக் கல்லூரியின் பெயரையும் என்னால் அவருக்குச் சொல்ல முடியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். போன மாதம் மறுபடியும் கேட்டு எழுதியிருந்தார். உங்களுக்கு மடல் எழுதப்போகிறேன், உங்கள் பதில் வந்ததும் தெரிவிக்கிறேன் என்று அவருக்குப் பதில் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் பிரஸ் ஷாப் பொறியாளர்,
பணிச்சூழலியல் முதுநிலைப் பட்டதாரி